சிறுவர்களோடு ஆசிய நாகரிக அரும்பொருளகம், அப்புறம் எஸ்பிளனேடில் சீன மேடை: ஒரு குடும்பத்தின் மதிப்பீடு

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குச் சீனக் கலையைக் காட்ட எங்கே தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: மூழ்கிப்போன ஒரு கப்பலில் தொடங்குங்கள். எம்ப்ரஸ் பிளேஸில், ஆற்றங்கரையை ஒட்டி இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் முதல் தளத்தில் அந்தக் கப்பலின் சரக்கு இருக்கிறது. அதை மட்டும் ஒரு மணி நேரம் நிதானமாகப் பாருங்கள். மற்ற கூடங்களை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்புறம் வெயில் தணிந்ததும் பிள்ளைகளை நடத்திக் கூட்டிக்கொண்டு எஸ்பிளனேட் கலை அரங்கத்துக்குப் போய், அன்றைக்குச் சீன நாடகமோ பொம்மலாட்டமோ சிங்க நடனமோ எது நடந்தாலும் அதில் உட்காருங்கள். எங்கள் வீட்டில் பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. இருவருக்கும் ஒரே நாளில் ஒத்துப்போன திட்டம் இது ஒன்றுதான்.

ஏன் கப்பல் என்று சொல்கிறேன். அரும்பொருளகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பெற்றோர் பலரும் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொல்ல முயல்கிறார்கள். ஷாங், சோ, ஹான், தாங், சுங், மிங் என்று அரச மரபுகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கே மூன்றாவது பெயரில் கண் சோர்ந்துவிடும். கப்பல் என்றால் அப்படி இல்லை. ஒரு கப்பல் புறப்பட்டது, நடுக்கடலில் மூழ்கியது, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாருக்கும் தெரியாமல் கிடந்தது, 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுக்குப் பக்கத்தில் கடலட்டை எடுக்க மூழ்கியவர்கள் கண்ணில் பட்டது. இவ்வளவு சொன்னால் போதும், மீதிக் கேள்விகளை அவர்களே கேட்டுவிடுவார்கள். உள்ளே என்ன இருந்தது, யார் யார் இருந்தார்கள், எல்லாரும் செத்துப்போனார்களா, தங்கம் இருந்ததா. சின்னவனின் முதல் கேள்வி கடலட்டை கடிக்குமா என்பதுதான், அதற்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனோம்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது கிண்ணங்கள். வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கில். அந்தக் கப்பலில் ஏறத்தாழ 60,000 பீங்கான், சுடுமண் பொருள்கள் இருந்தன, அவற்றில் பெரும்பகுதி இப்போதைய ஹூனான் மாநிலத்தில் இருக்கும் சாங்ஷா சூளைகளில் செய்த சின்னக் கிண்ணங்கள். பழுப்பும் பச்சையுமாகத் தூரிகையால் சட்டென்று இழுத்த கோடுகள். ஒன்றில் பறவை, ஒன்றில் பூ, ஒன்றில் மீன் மாதிரி ஏதோ, ஒன்றில் மேகமா அலையா என்று தெரியாத சுருள். எல்லாம் ஒரே மாதிரி தெரியும், ஆனால் கையால் வரைந்தவை என்பதால் எந்த இரண்டும் ஒன்றல்ல. பிள்ளைகளிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒரு கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்து வரையச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், அரும்பொருளகங்களில் பென்சில்தான் சரி. என் மகள் தேர்ந்தெடுக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள், அந்தக் கால் மணி நேரத்தில் அவள் கவனமாகப் பார்த்த கிண்ணங்கள் நான் பாடம் நடத்தியிருந்தால் பார்த்திருப்பதைவிடப் பல மடங்கு.

இத்தனை கிண்ணங்களை உடையாமல் எப்படி ஏற்றினார்கள் என்பதுதான் என்னை அசத்திய விஷயம். பெரிய பெரிய மண் ஜாடிகளுக்குள் கிண்ணங்களைச் சுருள் சுருளாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள், ஒரு ஜாடிக்குள் நூற்றுக்கும் மேல். ஜாடியே பெட்டி. கப்பலோ மேற்கு ஆசிய முறையில் கட்டியது, அதில் ஓர் இரும்பு ஆணிகூட இல்லை, பலகைகளைக் கயிற்றால் தைத்திருந்தார்கள். தைத்த படகு என்றால் நம் கரைக்குப் புதிதல்ல, சென்னைக் கடற்கரையில் அலை தாண்டி ஓடிய மசூலாப் படகுகளும் தென்னை நார்க் கயிற்றால் தைத்தவைதான். இதைச் சொன்னதும் ஆறு வயதுக்காரன் சட்டைத் தையலைக் காட்டி "இப்படியா?" என்றான். ஓமானில் இதே மாதிரி ஒரு கப்பலைப் பழைய முறையிலேயே தைத்துக் கட்டி, 2010இல் மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் பாய் விரித்து ஓட்டி வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தைத்த கப்பல் கடலைத் தாங்குமா என்று சந்தேகப்படும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

காலம் எப்படித் தெரியும்? ஒரு கிண்ணத்தில் தேதி எழுதியிருக்கிறது. நம் கணக்கில் கி.பி. 826. அப்போது காஞ்சியில் பல்லவர் ஆட்சி. அதே ஒன்பதாம் நூற்றாண்டில்தான் தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபாவில் தமிழில் ஒரு கல்வெட்டு வெட்டினார்கள், அதில் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவின் பெயர் வருகிறது. சீனாவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும் நடுவே ஓடிய கப்பல்களுக்கு இலங்கையும் தென்னிந்தியக் கரையும் வழியில் இருந்த ஊர்கள். இதையெல்லாம் அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு மகளிடம் சொன்னபோது, "அப்ப நம்ம ஆளுங்களும் இந்தக் கப்பல்களைப் பாத்திருப்பாங்களா?" என்று கேட்டாள். இந்தக் கப்பலைப் பார்த்தார்களா என்று யாரும் சொல்ல முடியாது, இது மாதிரிக் கப்பல்களைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பார்கள் என்றேன். சீனப் பண்பாடு என்பது பக்கத்து வீட்டுத் தோழியின் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், அந்தக் கணத்திலிருந்து தனக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிற மாதிரி கண்ணாடிப் பெட்டிகளை எட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

தங்கம் கேட்ட பிள்ளைக்குத் தங்கமும் உண்டு. எட்டுப் பக்கம் கொண்ட ஒரு பொற்கிண்ணம். ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் உருவம், இசைக்கருவி வாசிப்பவர்களும் ஆடுபவரும். கட்டைவிரல் வைக்கும் பிடியின் தகட்டில் இரண்டு தாடிக்காரர்களின் தலைகள், முதுகோடு முதுகாக. கப்பல் ஓடிய தாங் மரபுக் காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வந்த இசைக்காரர்கள் சீன நகரங்களில் எவ்வளவு பிடித்துப்போனவர்கள் என்பதற்கு அந்தக் கிண்ணமே சாட்சி. அதைச் சுற்றி வந்து யார் கையில் என்ன கருவி என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சாயங்காலம் மேடையில் அந்தக் கருவிகளின் பேரப்பிள்ளைகளை நேரில் கேட்கப் போகிறார்கள். என் திட்டத்தின் உயிரே இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

பச்சைத் திட்டுகள் வழிந்த ஒரு பெரிய கூஜா இருக்கிறது, 104 செ.மீ. உயரம். சின்னவன் தன் தோளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தான். யாங்ஜூ ஊரில் செய்த வெண்கலக் கண்ணாடி ஒன்று, கப்பல் புறப்படும்போதே அதற்கு ஏறத்தாழ எழுபது வயது ஆகியிருந்தது, அதில் இருக்கும் ஆண்டு 758. முழுசாகக் கிடைத்த நீல வெள்ளைத் தட்டுகள் மூன்று, சீனாவில் செய்தவற்றிலேயே மிகப் பழையவை அவை என்கிறார்கள். நீல வெள்ளைப் பீங்கான் என்றதும் மிங் காலத்தை நினைப்பவர்கள் அங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், மிங் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் யாரோ ஒருவர் வெள்ளைத் தட்டில் நீலத்தைத் தொட்டு வரைந்து பார்த்திருக்கிறார்.

பெரிய பிள்ளைகளோடு போனால் இன்னொன்றையும் மறைக்காமல் பேசுங்கள். இந்தச் சரக்கைக் கடலிலிருந்து எடுத்தது ஒரு வணிக நிறுவனம். 2005இல் சிங்கப்பூர் ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. தொல்லியலாளர்கள் பலர் இதை எதிர்த்தார்கள், லாபத்துக்காக அவசரமாக எடுத்ததில் எத்தனையோ தடயங்கள் போயிருக்கும் என்பது அவர்கள் வாதம், அந்த எதிர்ப்பினால் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்தவிருந்த கண்காட்சி 2011இல் தள்ளிப்போடப்பட்டது. எடுக்காமல் விட்டிருந்தால் கொள்ளை போயிருக்கும் என்கிறது மறுபக்கம். சரக்கு சிதறாமல் ஒரே இடத்தில் இருப்பது எனக்கு ஆறுதல், அதற்காகத் தொல்லியலாளர்களின் கோபம் தப்பு என்று சொல்ல மாட்டேன். பத்து வயதில் இப்படி ஒரு கேள்விக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம் என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே.

மற்ற கூடங்களைப் பற்றிச் சுருக்கமாக. தெஹுவா ஊரின் பால் வெள்ளைப் பீங்கான் சிலைகள், குறிப்பாகக் கருணைத் தெய்வமான குவான்யினின் உருவங்கள், அவ்வளவு அழகு, ஆனால் அவற்றுக்கு அமைதியான மனசு வேண்டும், பிள்ளைகள் இல்லாமல் போகும் நாளில் பாருங்கள். மேலே சமயக் கூடங்களில் சோழர் காலத்து வெண்கலங்களும் இருக்கின்றன, ஊரிலிருந்து வரும் பாட்டி தாத்தாவுக்கு அங்கேதான் நேரம் போகும். குடும்பம் இரண்டாகப் பிரிந்து, பெரியவர்கள் மேலே, பிள்ளைகள் கீழே என்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை. குளிர்சாதனம் நன்றாகவே குளிரும், சின்னவர்களுக்கு ஒரு மேல்சட்டை கட்டாயம்.

கட்டணம் பற்றி: சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம், 2013 மே மாதம் தேசிய அரும்பொருளகங்களுக்கு வந்த ஏற்பாடு அது. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனிச் சீட்டு. சுற்றுப்பயணிகள் பணம் கட்ட வேண்டும், போகுமுன் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் காலை 10 முதல் மாலை 7 வரை, வெள்ளிக்கிழமை இரவு 9 வரை. இலவசம் என்பதில் காசைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது: பிள்ளை சிணுங்கினால் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் நமக்கு வராது. ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி கேவனா பாலத்தில் நடந்து வருவதுதான் நல்ல வழி. 1869இல் கட்டிய பாலம், மாடுகளும் குதிரைகளும் ஏறக்கூடாது என்ற பழைய போலீஸ் அறிவிப்பு இன்னும் அதில் தொங்குகிறது, பக்கத்தில் ஆற்றில் குதிக்கும் சிறுவர்களின் வெண்கலச் சிலைகள். இங்கேயே பத்து நிமிடம் போய்விடும், போகட்டும்.

சாப்பாட்டுக்கு ஆற்றோரத்து உணவகங்களில் விலை கூடுதல், சைவக்காரர்களுக்குத் தேர்வும் குறைவு. ஒரு முறை அந்தப் பக்கத்துக் கடை ஒன்றில் காய்கறி நூடுல்ஸ் என்று கேட்டு வாங்கியதில் இறால் துண்டு கிடந்தது, ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அன்று தேநீரோடு நிறுத்திக்கொண்டார். அதிலிருந்து கொஞ்சம் நடந்தாலும் பரவாயில்லை என்று லாவ் பா சாட் உணவங்காடிக்குப் போய்விடுகிறோம். இந்தியச் சாப்பாடும் கிடைக்கும், பிள்ளைகளுக்குச் சீனச் சாப்பாடும் கிடைக்கும். அந்த வார்ப்பிரும்புக் கட்டடம் 1894இல் எழுந்தது, மேலிருந்து பார்த்தால் எட்டுப் பக்கம். பொற்கிண்ணத்துக்கும் எட்டுப் பக்கம் என்று மகள்தான் முதலில் சொன்னாள். அதிலிருந்து எட்டுப் பக்கம் தேடுவது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு, அதற்கு அடுத்த விடை எஸ்பிளனேட் போகும் வழியில் இருக்கிறது.

அரும்பொருளகத்துக்கு வெளியே டல்ஹௌசி நினைவுத் தூண் நிற்கிறது. 1850இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு வந்து போனதற்காக நிறுத்தியது. நான்கு பக்கத்தில் நான்கு மொழி, ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய், அப்புறம் நம் தமிழ். பிள்ளைகளைத் தமிழ்ப் பக்கத்தில் நிறுத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள், பள்ளியில் தமிழ்ப் பாடத்துக்கு அலுத்துக்கொள்ளும் பிள்ளையும் அங்கே ஆர்வமாகப் படிக்கும். அங்கிருந்து எஸ்பிளனேட் பூங்கா வழியாகப் போனால் லிம் போ செங் நினைவுச் சின்னம், 1954இல் திறந்தது, ஜப்பானியர் காலத்தில் எதிர்ப்புப் படையில் இருந்து சிறையில் மாண்ட சீனச் சமூகத்துத் தலைவர் அவர். பகோடா வடிவம், எட்டுப் பக்கம், நான்கு வெண்கலச் சிங்கங்கள். அதே பூங்காவில் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுக்கல்லும் இருக்கிறது. 1945இல் எழுப்பிய மூலச் சின்னத்தை பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள், இப்போது இருப்பது இடத்தைக் குறிக்கும் சின்னம். மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள் என்பதை அங்கே நின்று சொல்லாமல் என்னால் கடந்து போக முடியவில்லை.

சரி, எஸ்பிளனேட். 2002இல் திறந்த அரங்கம், டுரியான் பழம் மாதிரி முள்முள்ளாய்க் கூரை. ஆண்டு முழுவதும் ஏதாவது நடக்கும், ஆனால் சீனக் கலைகளுக்கு இரண்டு காலம் முக்கியம். சீனப் புத்தாண்டை ஒட்டி ஹுவாயி என்ற சீனக் கலை விழா, 2003இலிருந்து நடக்கிறது. எட்டாம் சீன மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி மூன்ஃபெஸ்ட், நிலாப் பண்டிகைக்கான விழா. பெரிய அரங்குகளில் நடப்பவற்றுக்குச் சீட்டு வாங்க வேண்டும். நடுக்கூடத்திலும் மரினா விரிகுடாவைப் பார்த்த திறந்தவெளி மேடையிலும் நடப்பவை பெரும்பாலும் இலவசம், சிறுபிள்ளைகளுக்கு அவைதான் சரி. பாதியில் எழுந்து கழிப்பறைக்குப் போகலாம், யாரும் முறைக்க மாட்டார்கள்.

சீன நாடகத்துக்குக் கூட்டிப் போகுமுன் கதையைச் சொல்லிவிடுங்கள். டியோச்சியூ, ஹொக்கியன், காண்டனீஸ் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி நாடக மரபு, தனிப் பாட்டு, மாண்டரின் தெரிந்த சீனப் பிள்ளைகளுக்கே பாதி புரியாது. அதனால் மொழி தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை, எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடைக்கு வேறொரு மொழி இருக்கிறது, அதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். சிவப்பு முகம் விசுவாசி, வெள்ளை முகம் சூழ்ச்சிக்காரன், கறுப்பு முகம் நேர்மையும் முரட்டுத்தனமும். குஞ்சம் தொங்கும் ஒரு குச்சியைக் கையில் பிடித்தால் அவர் குதிரைமேல் இருக்கிறார். துடுப்பு ஒன்று கையில் இருந்தால் மேடை முழுவதும் ஆறு. முதுகில் நான்கு கொடி கட்டியவர் தளபதி. தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும், துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போதே வேஷத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவோமே, அதே விஷயம். என் மாமியார் ஒரு டியோச்சியூ நாடகத்தைக் கடைசிவரை அசையாமல் பார்த்தார், நடுவில் ஒருமுறை என் பக்கம் குனிந்து "இவன்தான்மா கெட்டவன், மூக்கப் பாரு" என்றார். சொன்னது சரி. மூக்கைச் சுற்றி வெள்ளைத் திட்டு போட்டிருந்த கோமாளி வேஷக்காரர்தான் கதையில் குழி பறித்தவர்.

கைப்பாவை ஆட்டம் இருந்தால் விடாதீர்கள். ஹொக்கியன் மக்களின் மரபு, துணி உடலுக்குள் கையை நுழைத்து ஆள்காட்டி விரலைத் தலையிலும் கட்டைவிரலையும் நடுவிரலையும் இரண்டு கைகளிலும் கொடுத்து ஆட்டுவார்கள், அந்த ஓர் அங்குலக் கை வாள் சுழற்றும், விசிறி விரிக்கும், எதிரியைத் தூக்கி எறியும். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அந்தக் கலைஞர் பிள்ளைகளை அழைத்து ஆளுக்கொரு பாவையைக் கையில் மாட்டிவிட்டார். என் மகனின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து உரிய இடத்தில் வைத்து, தலையைக் குனிய வைத்து வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தார், அவருக்கு ஆங்கிலம் அதிகம் வரவில்லை, இவனுக்கு ஹொக்கியன் ஒரு சொல்கூடத் தெரியாது, அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. இப்படி ஐந்து நிமிடம் கிடைக்கும் என்றால் நான் எவ்வளவு தூரமும் வருவேன்.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் உண்டு. வேறோர் இடத்தில், பெயர் வேண்டாம், காசு கட்டிச் சேர்த்த ஒரு விளக்குப் பட்டறை. வெட்டித் தயாராக வைத்திருந்த காகிதத்தை மடித்து ஒட்டினால் பத்து நிமிடத்தில் விளக்கு முடிந்தது. நிலாப் பண்டிகைக்கு ஏன் விளக்கு, முன்பெல்லாம் மூங்கில் ஈர்க்கிலும் வண்ணக் கண்ணாடித்தாளிலும் மீனும் சேவலுமாக எப்படிச் செய்தார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீனக் கலை நிகழ்ச்சி என்று விளம்பரம் செய்யும் பலவற்றில் இந்தக் குறை இருக்கிறது. முன்பதிவு செய்யுமுன் ஒன்றைக் கேளுங்கள், நடத்துபவர் அந்தக் கலையைச் செய்பவரா அல்லது அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கொடுப்பவரா என்று. பதில் மழுப்பலாக வந்தால் காசை மிச்சப்படுத்துங்கள்.

சிங்க நடனம் எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும் என்று சொல்வார்கள். நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் கவனம், முரசும் தாளமும் சேர்ந்து அடிக்கும்போது காது வலிக்கும், தாளக்காரர்களுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், எதிர்ப்பக்கம் நின்றால் சிங்கத்தின் முகமும் தெரியும். உள்ளே இரண்டு பேர் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் போய், கால்களை எண்ணத் தொடங்குவார்கள். கீரைக்கட்டைச் சிங்கம் வாயில் கவ்வி, மென்று, கூட்டத்தின்மேல் துப்பும் இடம்தான் உச்சம். அதில் ஓர் இலை மேலே விழுந்தால் நல்லது என்று எங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொல்வார், அவர் தலையில் விழுந்த இலையை என் மகளிடம் எடுத்துக் கொடுத்தார்.

இசை விஷயத்தில் சிறுபிள்ளைகளுக்கு நான்யின் வேண்டாம். அது ஃபூஜியன் மாநிலத்து சுவான்ஜோவின் மிகப் பழைய இசை, 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, பீப்பா என்ற நரம்புக் கருவியை நிமிர்த்தாமல் மடியில் கிடைமட்டமாக வைத்து வாசிப்பார்கள், அவ்வளவு மெதுவாகப் போகும். பெரியவர்கள் கட்டாயம் கேளுங்கள். அந்த சுவான்ஜோ துறைமுகத்தில்தான் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டினார்கள், 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. அந்த ஊர்த் தெருக்களில் நடந்த தமிழன் காதில் இந்த இசையின் ஏதோ ஒரு முன்வடிவம் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன், சிலிர்த்தது.

பிள்ளைகளுக்கு ஏற்றது சிங்கப்பூர் சீன இசைக்குழு. 1996இல் தொடங்கியது, ஷென்டன் வேயில் சிங்கப்பூர் மாநாட்டு மண்டபம்தான் அவர்கள் வீடு. குடும்பங்களுக்கும் சிறுவர்களுக்கும் என்றே கச்சேரிகள் வைக்கிறார்கள், சீட்டு வாங்க வேண்டும். இரண்டு நரம்பு அர்ஹு, பீப்பா, மூங்கில் புல்லாங்குழல், வாயால் ஊதும் குழாய்க் கொத்து மாதிரி ஷெங், எல்லாம் ஒரே மேடையில். சுவோனா ஒலித்ததும் பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்து "நாதஸ்வரம்!" என்றாள். இரட்டைச் சீவாளி, கூம்புக் குழல், மணி மாதிரி விரியும் வாய், ஷெனாயும் சுவோனாவும் மேற்கு ஆசியாவின் ஒரே குழலிலிருந்து பிரிந்து வந்தவை, நம் நாதஸ்வரம் அவற்றுக்கு நெருங்கிய சொந்தம். அங்கேயும் கல்யாண ஊர்வலத்துக்கும் சாவு ஊர்வலத்துக்கும் அதைத்தான் ஊதுவார்கள். பொற்கிண்ணத்தில் வாசிப்பவர்களை அவளுக்கு நினைவுபடுத்தினேன். தலையாட்டினாள், பேச விடவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாநாட்டு மண்டபத்துக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூர் சீனக் கலாசார நிலையம், 2017இல் திறந்தது, ஷென்டன் வே எம்ஆர்டியிலிருந்து எளிதாகப் போகலாம். அங்கே இருக்கும் நிரந்தரக் கண்காட்சி சீனாவைப் பற்றியது அல்ல, சிங்கப்பூர்ச் சீனர்களைப் பற்றியது. அவர்கள் பேச்சு, சாப்பாடு, பண்டிகை, மலாய்க்காரர்களிடமிருந்தும் நம்மிடமிருந்தும் எடுத்துக்கொண்டவை. தொட்டு விளையாடும் திரைகள் நிறைய. எட்டு ஒன்பது வயதுக்கு மேல், பள்ளியில் சீன நண்பர்கள் இருக்கும் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும், சின்னவன் மாதிரி ஆறு வயதுக்குத் திரையைத் தட்டும் சந்தோஷம் மட்டும் மிஞ்சும். அரும்பொருளகமும் இதுவும் ஒரே நாளில் வேண்டாம்.

அரங்கத்துக்கு வெளியே பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. மறைந்தவர்களை நினைக்கும் ஏழாம் சீன மாதத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளிலும் கோயில் வாசல்களிலும் மேடை போட்டு நாடகமும் கெத்தாய் பாட்டு நிகழ்ச்சியும் நடக்கும். யாரும் போய் நிற்கலாம், காசு இல்லை. கெத்தாயில் முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும், அவை மறைந்தவர்களுக்கு, பிள்ளைகள் ஓடிப்போய் உட்கார்ந்துவிடாமல் முதலிலேயே சொல்லிவையுங்கள். எங்கள் புளோக்குக்குக் கீழே நடந்தபோது சின்னவன் அந்தக் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் வீட்டுப் பிள்ளை, மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை.

பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் அரும்பொருளகத்துக்குக் காலை 10 மணிக்கே போய்விடுங்கள், பதினொன்றரைக்குமேல் கப்பல் கூடத்தில் குழு குழுவாக வருவார்கள். நிலாப் பண்டிகை வார இறுதியில் எஸ்பிளனேட் திறந்தவெளி மேடைக்கு நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போனால் இடம் கிடைக்கும். மழை வந்தால் நடுக்கூடத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளலாம், அங்கும் பெரும்பாலும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். தண்ணீர் பாட்டில், மேல்சட்டை, பென்சில், இவ்வளவுதான் எடுத்துப்போக வேண்டியது.